முதல் நாள் நாற்காலி, பிறகுதான் கேஸ் ஷீட்: முதியோர் பராமரிப்புக்கு மருத்துவர்களைப் பழக்கும் முறை

"82 வயது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், பழைய பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், சீரற்ற இதயத் துடிப்பு." எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர் முதல் நாள் காலையில் இப்படித்தான் தொடங்குவார். குறிப்பில் பிழை இருக்காது. ரத்தப் பரிசோதனை எண்கள்கூட மனப்பாடமாக வரும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "ஐயா நாற்காலியிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருப்பாரா?" பதில் இருக்காது. "போன மாதம் எழுந்தாரா?" அதற்கும் இருக்காது. எந்தக் காது கேட்கும், கண்ணாடி எங்கே, பல்செட் பொருந்துகிறதா, இரவில் கழிப்பறைக்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்று கேட்கக் கேட்க, அவர் கையிலிருக்கும் கேஸ் ஷீட்டின் பக்கங்கள் வேகமாகப் புரளும். இவையெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்காது.

இதில் அவர் தவறு ஏதுமில்லை. அவர் படித்த மருத்துவமனையில் நோயாளி நோயோடு வருவார், நான்கைந்து நாளில் வீடு திரும்பிவிடுவார். நீண்டகாலப் பராமரிப்பில் இருப்பவர்களோ அங்கேயே வாழ்கிறார்கள். அவர்களுடைய நோய்ப் பட்டியல் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். மாறுவதெல்லாம் அவர்களால் செய்ய முடிகிற காரியங்கள்தான். அந்த மாற்றத்தைக் கண்ணால் பிடிக்கப் பழக்குவதையே நான் பயிற்சி என்கிறேன். 19 ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். பராமரிப்பு இல்லத்திலோ மறுவாழ்வுப் பிரிவிலோ இளம் மருத்துவர்களை உங்கள் பொறுப்பில் விட்டிருந்தால், நான் பின்பற்றும் முறை உங்களுக்கு உதவலாம். மூன்று மாதப் பயிற்சியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒரு மாதம்தான் கிடைக்கும் என்றால், வேறு எதை விட்டாலும் முதல் வாரத்தை விடாதீர்கள்.

முதல் வாரம்: மருந்துச் சீட்டு கிடையாது

அந்த வாரம் முழுவதும் பயிற்சி மருத்துவர் ஒரு மாத்திரைகூட எழுத மாட்டார். காலை ஷிஃப்டுக்குப் பராமரிப்பாளர் வரும் நேரத்துக்கே அவரும் வருவார். முகம் கழுவ, குளிக்க, உடுத்த, கழிப்பறைக்குப் போக, சாப்பிட உதவும் வேலைகள் எல்லாவற்றிலும் கூடவே இருப்பார். ஸ்டெதஸ்கோப் அறையிலேயே இருக்கட்டும். இந்த வாரத்துக்குப் பராமரிப்பாளர்தான் ஆசிரியர் என்பதை இருவரையும் வைத்துக்கொண்டு நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவர் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். பராமரிப்பாளர் தயங்கித் தயங்கி வேலை செய்வார். இருவருக்குமே அந்த வாரம் வீணாகிவிடும்.

கையில் ஒரு தாள் மட்டும் கொடுங்கள்: பார்தெல் அளவுகோல். 1965இல் வெளியானது; 10 செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலை வாருவது, உடுத்துவது, மலம், சிறுநீர் கட்டுப்பாடு, கழிப்பறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது. இதைக் கேட்டு நிரப்பக் கூடாது, பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். "குளிப்பீர்களா?" என்றால் எல்லாரும் "குளிப்பேன்" என்பார்கள், மானமுள்ள எந்த மனிதரும் அப்படித்தான் சொல்வார். 'முடியுமா' என்பதற்கும் 'செய்கிறாரா' என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் உங்கள் பயிற்சி மருத்துவரின் வேலை முழுவதும் இருக்கிறது. அளவுகோல் பதிவு செய்யச் சொல்வதும் அவர் உண்மையில் செய்வதைத்தான். இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள்: 60 மதிப்பெண் வாங்கிய இருவர் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்ல. நடக்க முடிந்தும் சிறுநீரை அடக்க முடியாதவரும், எல்லாம் கட்டுப்பாட்டில் இருந்தும் எழுந்து நிற்க முடியாதவரும் ஒரே எண்ணில் நிற்கக்கூடும். கூட்டுத்தொகையைப் படித்துக் காட்டுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. எந்த வரியில் மதிப்பெண் குறைந்தது என்று சொல்லச் சொல்வேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்தவர் ஒருவர். பக்கவாதத்தில் இடது கை பலம் இழந்துவிட்டது. ஐந்து பொத்தான் வைத்த சட்டையை வலது கையால் போட்டுக்கொண்டிருந்தார். பயிற்சி மருத்துவர் அருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நிமிடத்திலேயே அவர் கை உதவிக்கு நீண்டது. நான் அவர் முழங்கையைத் தொட்டேன், கையை இழுத்துக்கொண்டார். பெரியவர் கடைசிப் பொத்தானுக்கு வந்தபோது துளை பொருந்தவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கினார். விரல்களில் குறையே இல்லை. எத்தனையோ ஆண்டுகள் மயிரிழைப் பற்சக்கரங்களைப் பிடித்த விரல்கள் அவை. ஆனால் சட்டையின் இடது விளிம்பை, துளைகள் இருக்கும் அந்த ஓரத்தை, அவர் பார்க்கவேயில்லை. வலது பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டு இடது பக்கத்தைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். 11 நிமிடம் முடிந்தபோது பயிற்சி மருத்துவர் மெதுவாகக் கேட்டார்: "இவருக்கு இடது பக்கம் இருப்பதே தெரியவில்லையோ?" அப்போது பராமரிப்பாளர் சொன்னார்: "தட்டிலும் பாதியை வைத்துவிடுவார், டாக்டர். எப்போதும் அதே பக்கம்தான். பசியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்."

ஒரு பக்கத்தையே மூளை புறக்கணிக்கும் அந்தக் குறை கேஸ் ஷீட்டில் இல்லை. 'இடது கை பலவீனம்' என்று மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து இடப்பக்கம் தேடிப் பார்க்கும் பயிற்சியை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்குபவர்) தொடங்கினார்; சாப்பாட்டு வேளையில் தட்டைத் திருப்பி வைத்தார்கள். பசியைத் தூண்டுவதற்காக எழுதப்படவிருந்த மருந்து எழுதப்படவில்லை.

உடுத்தும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும் என்பதையும் அந்த வாரத்தில்தான் மருத்துவர் கற்பார். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். படித்தால் இது ஒரு வரி. தன் கையால் ஒருவரைத் தூக்கிப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

முதல் வாரத்தின் கடைசி நாளில் இடங்களை மாற்றுங்கள். மருத்துவர் சக்கர நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காரட்டும், தானாக எழக் கூடாது. காதில் பஞ்சு, கண்ணாடியில் கொஞ்சம் களிம்பு. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் கெட்டியாக்கிய தண்ணீரை இன்னொருவர் அவருக்குக் கரண்டியால் ஊட்டட்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டு, வேறு யாருடனோ பேசிக்கொண்டே ஊட்டட்டும். பிறகு அதே ஆள் எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒரு வாய் இறங்கியபின் அடுத்த வாய் கொடுக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்த மருத்துவர் பிறகு ஒருபோதும் 'உணவு உட்கொள்ள மறுக்கிறார்' என்று மூன்று சொல்லில் எழுதிவிட்டுப் போக மாட்டார்.

எழுந்து நட, திரும்பு, உட்கார்

இரண்டாம் வாரத்தில் பரிசோதனை முறைகளைத் தொடங்குங்கள். எனக்குப் பிடித்தது எழுந்து நடக்கும் சோதனை. 1991இல் இப்போதைய வடிவுக்கு வந்தது. கைப்பிடியுள்ள நாற்காலி, தரையில் 3 மீட்டரில் ஒரு கோடு, ஒரு கடிகாரம். எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். பராமரிப்பு இல்லத்தில் பெரும்பாலானோர் அதைத் தாண்டிவிடுவார்கள் என்பதால் எண்ணோடு நிற்காதீர்கள். எழும்போது கையை ஊன்றினாரா? எழுந்ததும் தடுமாறி ஒரு கணம் நின்றாரா? முதல் அடி வைக்கத் தயங்கினாரா? திரும்பும்போது எத்தனை அடி? செருப்பு காலுக்குப் பொருந்துகிறதா? ஒவ்வொரு விடையும் ஒரு காரணத்தைக் காட்டும்: தொடைத் தசை, ரத்த அழுத்தம், பார்க்கின்சன், பார்வை, பாதம்.

இதோடு சேர்த்தே படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கப் பழக்குங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், ஏன் விழுகிறார் என்பதற்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்துவிட்டு 'அழுத்தம் சீராக உள்ளது' என்று எழுதிய குறிப்புகளை எத்தனையோ தரம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நேரம் பிடிக்கிறது என்பார்கள். உடைந்த இடுப்பெலும்புக்குப் பிடிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

நம்பிக்கை இல்லாதவருக்கு இரண்டு கதைகள்

சில மருத்துவர்கள் இந்த வயதில் இனி என்ன என்ற முகத்தோடு வருவார்கள். அவர்களோடு வாதிடுவதில்லை, இரண்டு சம்பவங்களைச் சொல்வேன்.

1935இல் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், லண்டனுக்கு அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு இணைக்கப்பட்ட பழைய ஏழை விடுதியின் வார்டுகளுக்குப் பொறுப்பேற்றார். 714 படுக்கைகள். குணமாகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் படுத்தபடியே கிடந்தவர்கள். அவர் செய்த முதல் வேலை ஒவ்வொருவரையும் முழுமையாகப் பரிசோதித்து வகைப்படுத்தியது. பிறகு படுக்கையிலிருந்து எழுப்பி, நடக்கப் பழக்கி, வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். பலர் திரும்பிப் போனார்கள். புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அதுவரை அவர்களை யாரும் சரியாகப் பரிசோதித்ததே இல்லை.

மற்றது 1990இல் வெளியான ஓர் ஆய்வு. பராமரிப்பு இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய நலிந்த 10 பேருக்கு 8 வாரம் கால் தசைகளுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் 90 வயதுத் தசை பயிற்சிக்கு இணங்கும் என்பதை அது காட்டிவிட்டது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நல்ல உடல்நிலையில் உள்ள முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்தபோது கால்களிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ தசை போய்விட்டது. 'படுக்கையில் ஓய்வு' என்று எழுதுவதும் ஒரு மருந்து எழுதுவதுதான். அளவும் கால எல்லையும் இல்லாமல் அதை எழுத நான் அனுமதிப்பதில்லை.

மாத்திரைகள்

இந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஓர் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. இதயம் பார்த்தேன், சரியாக இருந்தது. நீர் இறங்க ஃப்யூரோசிமைடு எழுதினேன், அதுவும் மாலை வேளைக்கு. அவர் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீக்கம் அந்த மாத்திரையால் வந்தது. நான் யோசிக்கவில்லை. மூன்றாம் இரவு சிறுநீர் முட்டி, அவசரமாக இருட்டில் எழுந்தார், விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் துணையில்லாமல் நடக்கவேயில்லை. என் கையெழுத்திட்ட அந்தச் சீட்டு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு அணிக்கும் இதைச் சொல்கிறேன்; சொல்லும்போது தொண்டை அடைக்கும், பரவாயில்லை.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து எழுதும் இந்தச் சங்கிலியை மருத்துவர்களுக்கு அடையாளம் காட்டுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, அதனால் உடல் விறைப்பு, அதைப் பார்க்கின்சன் என்று எண்ணி லெவோடோபா. மறதிக்கு டோனபெசில், அதனால் சிறுநீர் அவசரம், அதற்கு ஆக்ஸிபியூட்டினின், அது மறதியை இன்னும் கூட்டும். எந்தப் புதிய தொந்தரவு வந்தாலும் முதல் சந்தேகம் மாத்திரைப் பட்டியல்மேல் விழ வேண்டும்.

பயிற்சி இப்படி: 10 மருந்துக்கு மேல் சாப்பிடும் ஒருவரை ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் மூன்று கேள்விக்கு எழுத்தில் விடை வேண்டும். யார் எதற்காகத் தொடங்கினார்? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? இதன் பலன் கிடைக்க எவ்வளவு காலம் ஆகும், இவருக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா? முதல் கேள்விக்கே பல மாத்திரைகளுக்கு விடை கிடைக்காது. வயிற்று அமிலத்துக்கு என்றோ மருத்துவமனையில் இரண்டு வாரத்துக்கு எழுதிய மாத்திரை ஆறு ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும்.

துணைக்கு, முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பியர்ஸ் பட்டியலைக் கொடுங்கள். 1991இல் முதலில் பராமரிப்பு இல்லவாசிகளுக்காகவே உருவானது அது. இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வருகிறது, 2023இலும் ஒரு பதிப்பு வந்தது. 2008இல் வெளியான ஸ்டாப்-ஸ்டார்ட் பட்டியல் இன்னும் பயனுள்ளது. எதை நிறுத்தலாம் என்பதோடு, கொடுக்க வேண்டியது எது விடுபட்டிருக்கிறது என்பதையும் அது கேட்கும். பட்டியலைப் பார்த்து ஒரே நாளில் ஐந்து மாத்திரையை நிறுத்தும் ஆர்வக்காரர்களும் உண்டு. அவர்களைத் தடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று. தூக்க மாத்திரை என்றால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து. நிறுத்திய பின் யார், எதை, எந்தத் தேதிவரை கவனிப்பார் என்று எழுதி. இன்னொரு எச்சரிக்கை: தசை வற்றிய உடலில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும், சிறுநீரகம் பாதிதான் வேலை செய்துகொண்டிருக்கும். வயதையும் எடையையும் வைத்துக் கணக்கிடாமல் மருந்தின் அளவை முடிவு செய்ய விடாதீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு வரும் அழைப்பு

"டாக்டர், அம்மா ஒரே கத்தல், குழாயைப் பிடுங்குகிறார், ஊசி போடலாமா?" இந்த அழைப்பு நிச்சயமாக வரும். வருவதற்கு முன்பே ஒத்திகை பாருங்கள். ஒருவர் செவிலியராக, ஒருவர் மருத்துவராகத் தொலைபேசியில் பேசட்டும். மருத்துவரின் முதல் கேள்வி 'எவ்வளவு நேரமாக?' என்பதாக இருக்க வேண்டும்.

மறதி நோய் மாதக்கணக்கில் வளரும். திடீர் மனக்குழப்பமான டெலிரியம் மணிக்கணக்கில் வரும். டெலிரியத்தைக் கண்டறிய 1990இல் முதியோர் மருத்துவர் ஷரோன் இனோயி வகுத்த முறையை மனத்தில் ஏற்றுங்கள்: திடீரென வந்து ஏறி இறங்கும் மாற்றம், கவனம் நிலைக்காமை, இவை இரண்டும் கட்டாயம், இவற்றோடு பேச்சில் தொடர்பின்மையோ விழிப்பு நிலையில் மாற்றமோ ஏதேனும் ஒன்று. கவனத்தைச் சோதிக்க மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் போதும். கத்துகிறவரை எல்லாரும் கவனித்துவிடுவார்கள். சத்தமில்லாமல் சுருண்டு, கேட்டால் மட்டும் ஒரு சொல் பேசி, கண்மூடிக் கிடப்பவர்தான் தவறவிடப்படுவார். 'இன்று தொந்தரவே இல்லை, தூங்கிக்கொண்டிருக்கிறார்' என்று ஷிஃப்ட் மாறும்போது யாராவது சொன்னால் உடனே போய்ப் பாருங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

காரணத்தைத் தேடும்போது வயிற்றில் கை வைக்கச் சொல்லுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை, நாள்கணக்கில் வராத மலம், சொல்லத் தெரியாத வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை, தண்ணீர்க் குறைவு, நிமோனியா. கண்ணாடியும் காது மெஷினும் மேஜை டிராயரில் கிடப்பதும் ஒரு காரணம்தான். பேச முடியாதவரின் வலியை மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பிடலாம். 2003இல் வந்த பெயினாட் அளவுகோல் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

சிறுநீரில் கிருமி தெரிந்தவுடன் ஆன்டிபயாட்டிக் எழுதும் பழக்கத்தை இங்கேயே உடைக்க வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் வாழும் பெண்களில் கால் பங்கு முதல் பாதிப் பேர் வரை எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரில் கிருமியோடு இருப்பார்கள். காய்ச்சலோ எரிச்சலோ இடுப்புப் பக்க வலியோ இல்லாமல் அதற்கு மருந்து கொடுப்பதால் பலன் இல்லை. பெரிய தீங்கு என்னவென்றால், விடை கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் உண்மையான காரணத்தைத் தேடுவது நின்றுபோகும். கை கால்களைக் கட்டுவதும் அப்படித்தான். கட்டிப் போடுவது விழுவதைத் தடுப்பதில்லை, குழப்பத்தைக் கூட்டும்.

குறைந்தது ஓர் இரவு முழுவதும் மருத்துவர் விழித்து வார்டில் இருக்கட்டும். அழைப்பு மணி அடித்தபின் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார், படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள், குதிகாலைத் தலையணை தொடாமல் எப்படி உயர்த்தி வைக்கிறார்கள் என்பதைப் பகலில் கற்க முடியாது.

மறுவாழ்வு: 'பிசியோதெரபி' என்று ஒரு சொல் எழுதினால் போதாது

இளம் மருத்துவர்களின் ஆணைத்தாளில் அந்த ஒரு சொல் தனியாக நிற்கும். தாளைத் திருப்பிக் கொடுங்கள். முறிந்த காலில் எவ்வளவு எடை ஊன்றலாம், ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும், வலி மாத்திரை பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்னால், என்ன இலக்கு என்று எழுதச் சொல்லுங்கள். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்தவரை மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்பதுதான் நெறி. வலி அடங்காததால் அது தள்ளிப்போனால், குறை வலி மருந்துச் சீட்டில் இருக்கிறது. நோயாளி 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதக் கூடாது.

இலக்கை, இல்லத்தில் வாழ்பவரின் சொல்லிலேயே எழுதப் பழக்குங்கள். ஓர் அம்மா சொன்னார்: "ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் நானே கழிப்பறைக்குப் போக வேண்டும்." இதைக் குழு உடைத்துப் பார்த்தது. படுக்கையின் உயரத்திலிருந்து எழ வேண்டும், 6 மீட்டர் நடக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், துணியை இறக்க வேண்டும், இருட்டில் திரும்ப வேண்டும். தசைப் பயிற்சி பிசியோதெரபிஸ்டிடம், துணியும் கைப்பிடியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், இரவு விளக்கு செவிலியரிடம். மருத்துவர் பங்கு? மாலை மாத்திரையைக் காலைக்கு மாற்றுவது. அவ்வளவுதான், ஆனால் அது இல்லாமல் மற்ற எல்லாம் வீண். எதிர்பார்த்த நிலையைப் பூஜ்யமாக வைத்து, கீழே இரண்டு படி, மேலே இரண்டு படி என்று முன்னேற்றத்தை அளக்கும் முறை 1968இலிருந்தே இருக்கிறது. இத்தகைய சொந்த இலக்குகளுக்கு அதுவே பொருத்தம்.

குழுக் கூட்டத்தில் பயிற்சி மருத்துவர் கடைசியாகப் பேசட்டும். இந்த விதியை நான் தளர்த்துவதே இல்லை. மருத்துவர் முதலில் பேசினால் மற்ற எல்லாரும் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள். பராமரிப்பாளர் கண்டதை வாய்திறந்து சொல்ல மாட்டார்.

முன்னேற்றம் நின்றுபோனவர்களைப் பற்றியும் பேச வேண்டும். ஒரே நிலையில் தக்கவைப்பதும் சிகிச்சையின் பலன்தான். ஆறு மாதமாகப் பார்தெல் 45இலேயே நிற்கிறது என்று சலிப்போடு சொன்ன மருத்துவரிடம், பயிற்சியை மூன்று வாரம் நிறுத்த நேர்ந்த இன்னொருவரின் தாளைக் காட்டினேன். 50இலிருந்து 30க்கு இறங்கியிருந்தது.

குடும்பத்தாரிடம் பேசுவது

"அப்படியானால் அம்மாவைப் பட்டினி போடச் சொல்கிறீர்களா?" முற்றிய மறதி நோயில் குழாய் வழி உணவு வேண்டாம் என்று விளக்கிய பயிற்சி மருத்துவரிடம் ஒரு மகன் கேட்டார். மருத்துவர் ஆய்வுகளைச் சொல்லத் தொடங்கினார். சொன்னதெல்லாம் சரி: அந்த நிலையில் குழாய் ஆயுளை நீட்டுவதில்லை, உணவு நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதுமில்லை. ஆனால் மகன் கேட்டது அதுவல்ல. தான் கைவிடுகிறோமோ என்று கேட்டார்.

எனவே இந்த உரையாடலை நடிப்பாகச் செய்து பழக்குங்கள். ஒரு தடவை போதாது. கெட்ட செய்தி சொல்வதற்கான ஆறு படி முறை 2000இல் வந்தது. தனியிடம், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எவ்வளவு அறிய விரும்புகிறார், செய்தி, உணர்ச்சிக்கு இடம், அடுத்த திட்டம். ஐந்தாவது படியில்தான் எல்லாரும் தவறுவார்கள், மௌனம் தாங்காமல் பேசிவிடுவார்கள். அந்த மகனிடம் சொல்லும்படி பயிற்சி மருத்துவருக்கு நான் சொல்லிக்கொடுத்த விடை இது: "இல்லை. கையால் ஊட்டுவோம், அவர் விரும்பும் அளவு, விரும்பும் நேரம். நீங்கள் வரும்போது நீங்களே ஊட்டலாம், எப்படி என்று காட்டுகிறோம்." அவர் அன்றே ஊட்டினார்.

வாழ்பவர் அறையில் இருக்கும்போது அவர் தலைக்கு மேலாகக் குடும்பத்தாரிடம் பேசினால் பயிற்சி மருத்துவரை அங்கேயே நிறுத்துங்கள். மறதி இருந்தாலும் முதல் சொல் அவரிடம்தான்; கண் மட்டத்தில் உட்கார்ந்து, நல்ல காதுப் பக்கம்.

மதிப்பீடும் கடைசி நாளும்

எழுத்துத் தேர்வில் அறிவது அறிவை மட்டும். மருத்துவரின் திறனை மதிப்பிட 1990இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் காட்டிய நான்கு படியில் உச்சியில் இருப்பது, யாரும் தேர்வு நடத்தாத சாதாரண நாளில் செய்வது. அதை அளக்க வாரம் ஒருமுறை 15 நிமிடம் உடனிருந்து பாருங்கள். பார்த்ததை அன்றே சொல்லுங்கள். பராமரிப்பாளரிடமும் செவிலியரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இரவில் சந்தேகம் வந்தால் இந்த மருத்துவரைக் கூப்பிடத் தயங்குவீர்களா?" மதிப்பெண் தாளில் நான் அதிகம் நம்பும் விடை அதுதான்.

ஒவ்வொருவரும் மூன்று மாதம் தொடர்ந்து பார்த்த நான்கு பேரை அடுத்து வரும் மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பு அறையில் நடக்கக் கூடாது. படுக்கையருகே, வாழ்பவர் முன்னிலையில் நடக்க வேண்டும், தவறாகச் சொன்னால் அவர் திருத்த வேண்டும். கையில் ஒரே ஒரு பக்கம் இருக்கும். முதல் வரியில் அவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார். இரண்டாவது வரியில் எந்தக் காது, எந்தக் கை, கண்ணாடி எங்கே. பிறகு மூன்று மாதத்துக்கு முன் என்ன செய்தார், இன்று என்ன செய்கிறார், அவருடைய சொல்லில் இலக்கு என்ன, எந்த மாத்திரை ஏன் நிறுத்தப்பட்டது. நோய்ப் பட்டியல் அதற்கும் கீழே வரட்டும். அந்தப் பக்கத்தைக் கேஸ் ஷீட்டின் மேலேயே குத்தி வைக்கச் சொல்லுங்கள்.